நடக்காத கூட்டத்தின் தீர்மானம்

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோரில் ஒருவர்தான் தலைமை தாங்க வேண்டும் என்பது சட்டம். அப்படித் தலைவியானவள் செங்கல் சூளைப் பேச்சிக்கனி. கூட்டமே நடத்தாமல் அவளிடம் கையெழுத்து வாங்குவது தலைமையாசிரியர் ஞானசிகாமணியின் வழக்கம்.

அன்று கல்வி அதிகாரி எதிரே உட்கார்ந்திருந்தார். "நேத்துக் கூட்டம் நடந்துச்சுல்ல, சீக்கிரம் போடும்மா" என்று தலைமையாசிரியர் தீர்மான நோட்டை நீட்டினார்.

பேச்சிக்கனி நிதானமாகப் புரட்டினாள். "நான் சொன்னதை எழுதலையே சார்?"

"என்னம்மா சொன்னே?"

"பூட்டிக் கிடக்கிற கழிப்பறையைப் பொம்பளப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடணும்னு. நீங்கதானே முதல்ல கை தூக்கினீங்க?"

"நானா? எப்போ?"

"நேத்துக் கூட்டத்துலதான். ஏன் சார், கூட்டம் நடக்கலையா?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"நடந்துச்சு, நடந்துச்சு" என்று தலைமையாசிரியர் அவசரமாகத் தீர்மானத்தை எழுதினார்.

கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேச்சிக்கனி கையை நீட்டினாள். "சாவியையும் நேத்தே தர்றேன்னீங்களே சார்!"