அடித்தலுக்கு ஒரு கையெழுத்து

ஓலைப்பாறை மலையில் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்டிருந்த வீரபாகு முதலாளி, தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் செண்பகவல்லியின் மேஜையைத் தட்டினார்.

"மத்தியானத்துக்குள்ள உத்தரவை அடிச்சு கலெக்டர் கையெழுத்துக்கு அனுப்பணும். சுனைத் தண்ணி கெடாதுன்னு நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேனே."

இதற்கு முன் அவர் தோண்டிய மலைக்குக் கீழே, சுனைத் தண்ணீர் குடித்து மாடுகள் செத்தன. அப்புறம் இரண்டு குழந்தைகள்.

செண்பகவல்லி அடித்துக் கொடுத்தாள். அவளாகச் சேர்த்த கடைசி நிபந்தனையில் முதலாளியின் கண் நின்றது: 'சுரங்கம் நடக்கும் காலம் முழுவதும் உரிமையாளரின் குடும்பத்தார் ஓலைப்பாறைச் சுனைத் தண்ணீரையே குடிக்க வேண்டும்.'

"என் பிள்ளைங்க இதைக் குடிக்கவா?" பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

"அடிச்சுக்கங்க ஐயா. பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. அடித்தல் இருந்தா யார் அடிச்சதுன்னு கலெக்டர் கேப்பாங்க."

போட்டார்.

கலெக்டர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தார். ஒன்றில் தண்ணீர் கெடாது என்று முதலாளியின் கையெழுத்து. மற்றதில் அதைக் குடிக்க மாட்டேன் என்று அதே கையெழுத்து. அனுமதி நின்றது.

மறுநாள் செண்பகவல்லிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அதில் ஒரு அடித்தல்கூட இல்லை.