ஏரிக்குள் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஏரியைக் காட்டக் கூட்டிவந்த பள்ளித் தாளாளர் சச்சிதானந்தம், கரையோரக் குடிசைகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மழைத்தண்ணி தானா வந்து நிக்கிற இடமெல்லாம் ஏரிக்குச் சொந்தம். அதைத்தான் இந்தத் திருட்டுக் கூட்டம் முழுங்கிடுச்சு. இதுல யார் வீடாவது இருந்தா கையைத் தூக்குங்க, பார்ப்போம்!"

எல்லோரும் அஞ்சுகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்க் குடிசையில் அவள் அம்மாவின் கிழிந்த சேலை காய்ந்துகொண்டிருந்தது. குனிந்த தலையோடு கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"என்ன?"

"ஐப்பசி மழைக்கு எங்க வாசலோட தண்ணி நின்னுடும், வீட்டுக்குள்ள வராது. நம்ம வகுப்புக்குள்ளதான் முட்டியளவு வந்து, வாரக்கணக்குல லீவு விட்டீங்க. அப்போ ஏரிக்குள்ள படிக்கிறவங்களும் கையைத் தூக்கணுமா சார்?"

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். பள்ளியைக் கட்டிய தாளாளர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.