வறுபடாத விதை

"அந்த ஆள் தூங்கவே கூடாது, குருவே. அதுதான் நியாயம்."

மெங் ரூ இதைச் சொன்னபோது அவள் கை நிறையக் காட்டு இலந்தை விதை இருந்தது.

குரு லின் ஷுவாங் தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எந்த ஆள், அக்கா?"

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யைக்கு நாற்பத்தைந்து. ஆகவே மலையடிவாரத்து அந்த வைத்தியசாலையில் சிஷ்யைதான் அக்கா.

"வாசலில் பல்லக்கிலிருந்து இறங்கினாரே, கால்வாய் அதிகாரி துவான். வயலுக்குத் தண்ணீர் விடுங்கள் என்று கேட்டதற்காக என் தம்பியைச் சிறையில் போட்டிருக்கிற மகானுபாவர். அவருக்கு நாம் தூக்க மருந்து காய்ச்சிக் கொடுக்கணுமா?"

"தூக்கம் வரவில்லை என்று வந்திருக்கிறார்."

"எப்படி வரும்? மனசு உறுத்துகிறது! அவரிடம் இருக்கிற ஒரே நல்ல விஷயம் அந்த உறுத்தல்தான். அதையும் நாமே ஆற்றி அனுப்பிவிட்டால், அப்புறம் அவரை யார் திருத்துவது?"

"வாதம் நன்றாக இருக்கிறது."

"பதில் சொல்லுங்கள் குருவே."

"விதையை வறுத்துவிடுங்கள், அக்கா."

இது பதிலா? மெங் ரூவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சீன வைத்தியத்தில் காட்டு இலந்தை விதைக்கு இரண்டு குணம் சொல்வார்கள். வறுத்து இடித்துக் காய்ச்சினால் தூக்கம் வரும். பச்சையாக இடித்துக் காய்ச்சினால் இருக்கிற தூக்கமும் போகும்.

அந்த வைத்தியசாலைக்கு ஒரு வழக்கமும் உண்டு. மருந்து காய்ச்சுகிறவரே நோயாளியிடம் ஏழு கேள்வி கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே தாளில் எழுத வேண்டும்.

மெங் ரூ ஆறு கேள்வி கேட்டாள்.

மூன்றாவது கேள்வி, 'விழித்திருக்கும்போது மனதில் ஓடுவது என்ன?' அதை மட்டும் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது? 'செய்த பாவம்' என்று தானே எழுதிக்கொண்டாள்.

அடுப்பைப் பற்ற வைத்தாள். வாணலியை ஏற்றவில்லை.

நான்காம் நாள் துவான் மறுபடி வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

அவருடைய வேலையாள் மூன்று நாள் மருந்தின் சக்கையைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தான். மறுமுறை வருகிறவர்கள் பழைய சக்கையைக் காட்டியாக வேண்டும் என்பது அங்கே விதி.

குரு அதை உள்ளறைக்கு எடுத்துப்போனார். முகர்ந்தார். ஒரு துளி எடுத்து நாக்கு நுனியில் வைத்தார்.

"அக்கா."

"ஆமாம். பச்சையாகத்தான் போட்டேன்."

குரு சக்கையை மறுபடி துணியில் முடிந்தார்.

"துரத்துங்கள், போகிறேன். ஆனால் செய்தது தப்பு என்று என் வாயால் சொல்ல மாட்டேன். இன்னும் நாலு ராத்திரி விழித்துக் கிடந்தால் அந்த மனுஷன் கரைந்துவிடுவார். என் தம்பி வெளியே வந்துவிடுவான். ஒரு மனுஷனின் தூக்கமா, ஓர் ஊரின் தண்ணீரா? நீங்களே சொல்லுங்கள்."

குரு கேள்வித்தாளை எடுத்தார். மூன்றாவது கேள்வியின் பதில்மேல் விரலை வைத்தார்.

"இது அவர் சொன்னதா?"

"சொல்லணுமா? முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே!"

"அவர் சொன்னதா, அக்கா?"

"...இல்லை."

குரு தாளை அவளிடமே கொடுத்தார். தூரிகையையும் கொடுத்தார். பிறகு திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மெங் ரூ வெளியே வந்தாள்.

துவான் நாற்காலியில் சரிந்து கிடந்தார். "என்ன வைத்தியம் செய்கிறீர்கள் இரண்டு பேரும்? முன்னேயாவது கோழி கூவுவதற்கு முன் கொஞ்சம் தூங்குவேன். உங்கள் கஷாயம் உள்ளே போனதும் அதுவும் போயிற்று."

"ஒரு கேள்வி விட்டுப்போயிற்று, ஐயா. விழித்திருக்கும்போது மனதில் என்ன ஓடும்?"

அதோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"சிறையில் இருக்கிறவர்கள் ஞாபகம் வருமோ?"

"வராமல் என்ன? ராத்திரி முழுக்க அவர்கள் ஞாபகம்தான்."

மெங் ரூ திரும்பிக் குருவைப் பார்த்தாள். பார்த்தீர்களா என்றது அந்தப் பார்வை.

"அவர்களுக்குச் சோறு கொண்டுவருகிறார்களே, அவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பேன்," என்றார் துவான். "இன்றைக்குச் சோற்றுக் கூடையோடு வருகிறவன் நாளைக்குக் கோடாலியோடு வரமாட்டான் என்று என்ன நிச்சயம்? பகலில் இதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரம் ஏது? ராத்திரியில்தான் ஒவ்வொரு முகமும் தெளிவாக வருகிறது."

சட்டைக் கையிலிருந்து ஒரு தாளை உருவினார்.

"அதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த மூன்று ராத்திரியும் மூளை கத்தி மாதிரி வேலை செய்தது. ஏழு பேர் சிக்கினார்கள். காலையில் ஆளனுப்பி எல்லாரையும் பிடித்தாயிற்று."

"ஏழு பேரா?"

"ஓடக்காரன் லுவோ. சுண்ணாம்புக் காளவாய்க் கிழவன். தறிக்காரி பெய்..."

பெய் அவளுடைய தம்பியின் மனைவி.

மற்ற நான்கு பெயர்களையும் அவர் படித்தார். எல்லாம் தெரிந்த பெயர்கள். எல்லாரும் சிறை வாசலில் அவளோடு வரிசையில் நிற்கிறவர்கள். சந்தை நாள்தோறும், வெயிலுக்கு ஓலைத்தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு அவளும் தம்பிக்குச் சோறு கொண்டுபோகிறவள்தான்.

அந்த வரிசையில் எப்போதும் எட்டுப் பேர்.

தூரிகையிலிருந்து மை சொட்டித் தாளில் பரவியது. அவள் கவனிக்கவில்லை.

"ஏழோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள், ஐயா?"

துவான் சலிப்போடு தாளை மடித்தார்.

"இன்னொருத்தி இருக்கிறாள். ஓலைத்தொப்பிக்காரி. யாராக இருக்கும், யாராக இருக்கும் என்று இன்றைக்கு விடிகிற நேரத்தில் யோசித்துக்கொண்டே கிடந்தேன். பிடிபட்டிருப்பாள். பாழாய்ப்போன கண் கொஞ்சம் அசந்துவிட்டது."