இழுபடாத கயிறு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தாறு. உலக வழக்கப்படி இது தலைகீழ்தான். ஆனால் பாராசூட் கயிறு வயது பார்த்து அறுவதில்லை. அதனால் அந்த ஓடுதளத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தென்கோடிக் கரிசல் காட்டில், போர்க்காலத்தில் போட்டுவிட்டு மறந்துபோன ஓடுதளம் அது. ஞாயிறுதோறும் ஒரு சங்கத்தார் சின்ன விமானத்தில் ஆட்களை ஏற்றிப்போய் வானத்திலிருந்து குதிக்க வைப்பார்கள். அவர்களுடைய பாராசூட்டுகளைப் பிரித்துப் பார்த்து, தைத்து, கயிறு மாற்றி, மடித்துக் கொடுப்பது ஜெபசெல்வியின் வேலை. அதைக் கற்றுக்கொள்ள வந்தவர் பால்வண்ணன். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் நயினார் அங்கே குதிக்கிறவன். தலைக்கவசத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, கூடக் குதிப்பவர்களை வானத்திலேயே படம் பிடிப்பான்.

முதல் நாளே பால்வண்ணன் கேட்டார்.

"மேடம், இதுல எது நல்ல கயிறு?"

மேசையில் நாலு வகை கிடந்தது. ஜெபசெல்வி பருமனான ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இது டேக்ரான். இழுங்க அண்ணாச்சி."

இழுத்தார். கொஞ்சம் நீண்டு கொடுத்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகமே சொன்னது.

"இது என்ன மேடம், சவ்வு மிட்டாய் மாதிரி?"

"இந்த ஸ்பெக்ட்ரா மெலிசு. ஆனா சூடு பட்டுப்பட்டுச் சுருங்கும். வெக்ட்ரான் சுருங்காது, பிசிறு விடும். இது டெக்னோரா. இழுத்துப் பாருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கை சிவந்ததுதான் மிச்சம்.

"இதுல்லா கயிறு!" என்றார்.

"கேமராக்காரங்களுக்கு டேக்ரான்தான் அண்ணாச்சி. தலையில கனம் இருக்குல்லா."

பால்வண்ணன் தலையாட்டினார். தலையாட்டுகிறவர்கள் எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

ஐப்பசியில் தங்கையின் பிரசவத்துக்காக ஜெபசெல்வி நாகர்கோவில் போயிருந்தார். அந்த வாரம் பால்வண்ணன் மகனுடைய பாராசூட்டிலிருந்து டேக்ரானை அவிழ்த்துவிட்டு டெக்னோராவைப் போட்டார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பெற்ற பிள்ளைக்கு, உள்ளதிலேயே உறுதியானதைப் போட வேண்டும் என்று நினைத்தார். எந்தத் தகப்பன்தான் நினைக்க மாட்டான்? தையல் ஒன்றிலும் குறையில்லை. ஜெபசெல்வி திரும்பி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, தானே தைத்திருந்தாலும் இவ்வளவு திருத்தமாக வந்திருக்காது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

அவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நயினாரின் பாராசூட் படீரென்று விரிந்தது. கேமராவின் கனத்தோடு அவன் தலை முன்னால் வெட்டி இழுத்தது. ஓட்ட ஆளில்லாத பாராசூட், மழையில் ஊறிக் கிடந்த உழவு நிலத்தில் அவனைக் கொண்டுபோய்ப் போட்டது. மேலேயே கழுத்து உடைந்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள். உயிர் இருந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

சங்கத்தார் குதிப்பதை நிறுத்தினார்கள். விமானத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பால்வண்ணன் மட்டும் பாராசூட் தைக்கும் தகரக் கொட்டகைக்குத் தினமும் வந்தார். கூரை விட்டத்தில் ஒவ்வொரு கயிறாகக் கட்டி, அதில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டார். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் போனவர், வார்டு வாசலோடு திரும்பிவிட்டார். பிறகு போகவேயில்லை.

"மேடம், டேக்ரான் அறுந்துபோச்சு. டெக்னோரா இன்னும் தாங்குது."

"சரி."

மறுநாள், "தண்ணியில நனைச்சுப் பாத்தேன். அப்பவும் தாங்குது."

"சரி."

"முடிச்சுப் போட்டு இழுத்துப் பாத்தேன் மேடம்."

"சரி."

அவருக்கு என்ன வேண்டும் என்று ஜெபசெல்விக்குத் தெரியும். நீங்க போட்டது சரி என்றோ, தப்பு என்றோ ஒரு வார்த்தை. எதைச் சொல்லியிருந்தாலும் அந்த மனுஷன் மூட்டையை இறக்கி வைத்திருப்பார். சொல்லித் தொலைத்திருக்கலாம். ஜெபசெல்வி சொல்லவில்லை.

அடைமழை பெய்த ஒரு நாள் பால்வண்ணனின் மனைவி காந்திமதி கொட்டகைக்கு வந்தார். கையில் ஆஸ்பத்திரித் தூக்குவாளி. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"அப்பா வரலியான்னு காலைலயும் கேக்கான், சாயந்தரமும் கேக்கான். நான் என்ன பதில் சொல்ல?"

"சோதனை முடியட்டும்" என்றார் பால்வண்ணன். மூட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கயித்தச் சோதிச்சா எம்பிள்ள எந்திரிச்சிருவானா?"

காந்திமதி ஜெபசெல்வியின் பக்கம் திரும்பினார்.

"கல்லு மாதிரி நிக்காவன்னு ஊரே இவியள மெச்சுது மேடம். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. இவியளுக்கும் சேத்து நான்தான் அழுதுக்கிட்டுக் கெடக்கேன். நேத்து அந்தப் பய எங்கிட்ட அழுதான். 'அப்பாவுக்கு எம்மேல கோவமாம்மா? அவிய நல்லாத்தான் தச்சுக் குடுத்தாவ, நான்தான் விரிக்கத் தெரியாம விரிச்சிட்டேனோ'ன்னு கேக்கான். கண்ணத் துடைக்க அவனுக்குக் கை வரல. நான்தான் துடைச்சு விட்டேன்."

பால்வண்ணன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுக் காந்திமதி மழையில் இறங்கிப் போனார்.

ஜெபசெல்வி எழுந்து வந்து மணல் மூட்டையை அவிழ்த்துக் கீழே போட்டார்.

"இனி மூட்டை வேண்டாம் அண்ணாச்சி. நீங்க ஏறுங்க."

குதிப்பவர்கள் மாட்டும் தோள் வாரையும் தொடை வாரையும் எடுத்து அவருக்கு மாட்டிவிட்டார். கேமரா வைத்த தலைக்கவசத்தை எடுத்தவர், ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். விட்டத்தில் டேக்ரானைக் கட்டி, மறுமுனையை வாரில் மாட்டினார். பால்வண்ணன் முக்காலியில் ஏறி நின்றார். கயிறு ஒரு சாண் தொய்ந்து கிடந்தது.

"காலை எடுங்க."

எடுத்தார். கயிறு அவரை வாங்கிக் கொஞ்சம் கீழே விட்டு, நிறுத்தியது. மெல்ல ஆடினார்.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல மேடம்."

ஜெபசெல்வி கயிற்றை மாற்றினார். அதே தொய்வில் டெக்னோராவைக் கட்டினார்.

"காலை எடுங்க."

"அம்மா!"

பட்டாளத்தில் அத்தனை வருஷமும் அந்த வாய் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. பல் நாக்கில் இறங்கி, உதட்டோரம் ரத்தம் வந்தது. ஜெபசெல்வி அவரிடம் வரவில்லை. முக்காலியில் ஏறிக் கயிற்றை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார்.

"கயித்துக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

பிறகுதான் அவரை இறக்கினார். பால்வண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கை பிடரியைப் பிடித்திருந்தது. முக்காலியைப் பார்த்தார். சின்னக் குழந்தைகூட ஏறிக் குதித்து விளையாடும் உயரம்தான்.

"அவன் வானத்துல இருந்துல்லா..." என்று ஆரம்பித்தார்.

தகரத்தில் மழை கொட்டியது.

"மேடம், எனக்கு எல்லாம் தெரியுது. அன்னைக்கு வார்டு வாசல்ல நின்னப்பவே தெரியும். உள்ள போய் அவன் மூஞ்சியப் பாத்தேன்னா உடைஞ்சிருவேன். அப்பன் உடைஞ்சதப் பாத்தா அவன் என்னாவான்? நான் கெட்டியா இருந்தாத்தானே அவனுக்கு ஒரு தெம்பு?"

ஜெபசெல்வி குனிந்து அவருடைய தொடை வாரின் கொக்கியைக் கழற்றினார். தோள் வாரையும் கழற்றினார்.

"கயிறு கெட்டியா நின்னா, அந்த அடியை யாராவது ஒருத்தர் வாங்கித்தானே ஆகணும், அண்ணாச்சி? ரெண்டாவது தடவையும் அவனே உடையணுமா?"