ராஜாவுக்குப் பதிலா மலையேறின எருமை

ஒரு மலையடிவாரத்து ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அவருக்கு ஓயாத விக்கல். ஒரு விக்கு விக்கினா கிரீடமே கழண்டு விழும். "முருகா, விக்கல் நின்னா உன் மலைக்கு வெறுங்காலோட நடந்து வர்றேன்"னு வேண்டிக்கிட்டாரு. நின்னுச்சு. ஆனா ராஜா கிளம்பலை. முள்ளு குத்துமாம், படி சுடுமாம். உடனே விக்கல் திரும்பி வந்துருச்சு, முன்னைவிடப் பலமா.

அப்புறம் என்ன செஞ்சாரு? அரண்மனைக்குப் பால் ஊத்துற ஒச்சப்பனைக் கூப்பிட்டாரு. "டேய், இனிமே நீதான்... விக்... நான். எனக்குப் பதிலா நீ நட. விக்கல் நிக்கலைன்னா உன் எருமை எனக்கு."

ஒச்சப்பனுக்கு இருந்ததே அந்த ஒத்தை எருமைதான். விட்டுட்டுப் போனா ராஜா ஆளுங்க ஓட்டிக்கிட்டுப் போயிருவாங்களேன்னு அதையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பினான். நடந்தான், நடந்தான், நடந்தான். பாதி மலையில கால் வீங்கிப்போச்சு. எருமை காதுல சொன்னான்: "ஆத்தா, ராஜா என்னை ராஜாங்கிறாரு. நான் உன்னை ராஜாங்கிறேன். எனக்குப் பதிலா நீ ஏறு தாயி."

எருமை தலையாட்டிட்டு ஏறுச்சு. மேலே இருந்து முருகன் பார்த்தாரு. "ஓகோ, ஆள் மாத்தியா விடுறீங்க? நானும் மாத்திக் காட்டுறேன்."

எருமை வழியோரப் புல்லை மேஞ்சுது. அங்கே அரண்மனையில ராஜா, ராணி கொண்டையில இருந்த கதம்பத்தை மேஞ்சாரு. எருமை சுனைச் சேத்துல புரண்டுச்சு. அங்கே ராஜா பட்டு வேட்டியோட வாய்க்கால் சேத்துல புரண்டாரு. எருமை சந்நிதி வாசல்ல நின்னு "ங்ஙே"ன்னு கத்துச்சு. ராஜாவும், சிரிக்காதீங்க, முழுசாக் கேளுங்க, நிறைஞ்ச சபையில "ங்ஙே"ன்னு கத்தினாரு!

மந்திரி துள்ளிக் குதிச்சாரு. "மகாராஜா, விக்கல் நின்னுபோச்சு!"

ஒச்சப்பன் மலையிறங்கின எருமையோட நொண்டிக்கிட்டே அரண்மனைக்கு வந்து சேர்ந்தான். "விக்கல் நின்னுருச்சாமே சாமி. எருமை எனக்குத்தானே?"

மாட்டேன்னு சொல்லத்தான் ராஜா வாயைத் திறந்தாரு. "ங்ஙே."

"சரிங்கிறாரு, ஓட்டிக்கிட்டுப் போப்பா"ன்னாரு மந்திரி.

மறுநாள் உச்சி வெயில்ல ராஜா வெறுங்காலோட மலையேறினாரு. முள்ளு குத்துச்சு, படி சுட்டுச்சு. கூட வந்த சனமெல்லாம் "அரோகரா"ங்குது, இவரு "ங்ஙே"ங்கிறாரு. கடைசிப் படியில கால் வச்சப்புறம்தான் மனுசக் குரல் வந்துச்சு.

அதனால, வேண்டிக்கிட்டவங்கதான் நடக்கணும். எருமையை அனுப்பினா எருமைக்குத்தான் புண்ணியம். ராஜா இறங்கி வரட்டும், நீங்க கண்ணை மூடுங்க.