பாறையனும் கேள்வி கேட்ட கரிச்சானும்

மழை இரண்டு வருடமாக எட்டிக்கூடப் பார்க்காத ஒரு காட்டில், குழந்தைகளே, முப்பது காட்டெருமைகள் கூட்டமாக வாழ்ந்து வந்தன. அவற்றின் தலைவன் பெயர் பாறையன். பலசாலி, நல்லவனும்தான். ஆனால் மூக்குக்கு மேல் கோபம். பிடிக்காத சொல் காதில் விழுந்தால் போதும், 'புஸ்ஸ்' என்று சீறித் தரையை உதைப்பான். எதிரில் நிற்பவருக்கு வந்த பேச்சும் தொண்டையிலேயே நின்றுவிடும்.

அவன் முதுகில் ஒரு கரிச்சான் குருவி சவாரி செய்யும். அவன் நடக்கையில் காய்ந்த புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகள்தான் அதற்குச் சாப்பாடு. பதிலுக்குத் தினமும் மாலையில் அவனிடம் ஒரு கேள்வி கேட்கும். இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"இன்று நமக்குப் பின்னால் வந்தவர்களைப் பார்த்தீர்களா, தலைவரே?" என்று ஒருநாள் கேட்டது.

பாறையன் திரும்பிப் பார்த்தான். வெகுதூரத்தில் கன்றுகள் நாக்குத் தள்ள வந்துகொண்டிருந்தன. மறுநாளிலிருந்து மெதுவாக நடந்தான். கூட்டமே அவனைப் பாராட்டியது. கரிச்சானைப் பற்றி அவன் மூச்சே விடவில்லை!

இன்னொரு மாலை கரிச்சான் கேட்டது: "உங்களிடம் 'வேண்டாம்' என்று கடைசியாகச் சொன்னது யார், தலைவரே?"

பாறையன் யோசித்தான். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை.

"நான் தப்பே செய்வதில்லை. பிறகு யார் சொல்வார்கள்?"

"பயந்துகொண்டும் சொல்லாமல் இருக்கலாம் அல்லவா?"

புஸ்ஸ்! "ஒரு பிடிகூடத் தேறாத நீயா எனக்குச் சொல்ல வந்தாய்? முப்பது உயிர்களை நடத்துகிறவன் நான். இறங்கு கீழே!"

முதுகைச் சிலிர்த்து உதறினான். கரிச்சான் பறந்துபோய் ஒரு கிளையில் உட்கார்ந்தது.

"போகிறேன், தலைவரே. கேள்வியை மட்டும் மறந்துவிடாதீர்கள்" என்றது.

தொல்லை விட்டது என்று பாறையன் அன்று நிம்மதியாக அசைபோட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

பத்து நாளில் ஓடை வற்றிவிட்டது. கூட்டம் மலைக்கு அப்பாலிருந்த ஏரிக்கு நடந்தது. ஏரியின் நடுவில் கொஞ்சம் நீர் மின்னியது. சுற்றிலும் காய்ந்து வெடித்த வண்டல். தாகத்தில் கன்றுகள் முன்னால் ஓடப் பார்த்தன.

பாறையனின் அக்கா வெண்காலி எதிலும் நிதானம். முன்காலால் தரையை அழுத்திப் பார்த்தாள். மேலே பாலாடை போலக் காய்ந்திருந்தது, அடியில் சேறு கொழகொழத்தது.

"தம்பி, இந்தப் பக்கமாக..." என்று ஆரம்பித்தாள்.

புஸ்ஸ்! "கன்றுகள் தவிக்கின்றன. இப்போது என்ன பேச்சு? எல்லாரும் இறங்குங்கள்!"

வெண்காலி கன்றுகளைப் பார்த்தாள். "சரி தம்பி. முதலில் நான் போகிறேன்" என்று இறங்கினாள்.

ஐந்தாவது அடியில் வயிறுவரை புதைந்துபோனாள். கூட்டம் அலறி நின்றது. பாறையன் பாய்ந்தான், அவன் கால்களும் உள்ளே போயின. தட்டுத் தடுமாறிக் கரைக்குத் திரும்பத்தான் முடிந்தது.

"சேறு என்று தெரிந்துமா இறங்கினாய், அக்கா? ஏன் சொல்லவில்லை?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ சீறிவிட்டாய். நீ சீறினால் எங்களில் யாருக்கும் பேச வராது, தம்பி" என்றாள் வெண்காலி. "அழாதே. வடகரையில் பாறை இருக்கிறது. கன்றுகளை அந்த வழியாகக் கூட்டிப் போ."

கன்றுகள் வயிறு நிறையக் குடித்தன. பாறையன் ஒரு வாய்கூடக் குடிக்காமல் அக்காவுக்கு எதிரிலேயே நின்றான். அவள் எழுந்து வரவே இல்லை.

மழை திரும்பியது. புல் முளைத்தது. ஒரு மாலை கரிச்சான் தயங்கித் தயங்கி வந்து அவன் முதுகில் உட்கார்ந்தது.

"அன்று நீ கேட்டாயே, அதற்குப் பதில் இப்போது என்னிடம் இருக்கிறது" என்றான் பாறையன். "என் அக்கா. சொல்லத்தான் வந்தாள். நான்தான் விடவில்லை."

அன்று மட்டும் கரிச்சான் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

நீதி: எந்தத் தலைவனுக்கும் தன் குறை தன் கண்ணுக்குத் தெரியாது, அதைக் கேள்வி கேட்டு உணர்த்துகிறவரை விரட்டினால், அந்தக் குறைக்குப் பலியாவது அவனை நம்பி வந்தவர்களே.