கவுளியும் பாகையும்

ஒரு ஊர்ல ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல. ஒரு கல்தொட்டிதான் இருந்துச்சு. சிரிக்காத தங்கம், இது சிரிக்கிற கதை இல்ல. மலையிலேருந்து வர்ற ஆறு மொத்தமும் நேரா அந்தத் தொட்டிக்குள்ளதான் விழும், சோ...ன்னு. தொட்டிக்கு ஒரே ஒரு வாய். அந்தத் தொட்டியைச் செக்கு சுத்துற மாதிரி சுத்தலாம். வாயை எந்தப் பக்கம் திருப்புறாங்களோ, அந்தப் பக்கத்து வாய்க்கால்ல தண்ணி பாயும். சுத்திலும் வாய்க்கால். ஒவ்வொரு வாய்க்கால் முடியற எடத்துலயும் ஒரு ஏரியோ பள்ளமோ இருக்கும். ம் சொல்லு.

"ம்."

தொட்டியைச் சுத்தித் தரையில வட்டமா கோடு வெட்டியிருந்தாங்க. முன்னூத்தி அறுபது கோடு. ஒரு கோட்டுக்கு ஒரு பாகைன்னு பேரு. உங்க பள்ளிக்கூடத்துல டிகிரிங்கிறாங்களே, அதேதான். யாரு வெட்டினா, ஏன் முன்னூத்தி அறுபதுன்னு என்னைக் கேக்காத, நான் பக்கத்துல நின்னு பாக்கல. கோடு கிழக்கால ஆரம்பிக்கும், வலப்பக்கமா சுத்திட்டுப் போயி திரும்பக் கிழக்குலயே வந்து முடியும். சாதாரண நாள்ல தொட்டி கிழக்கால பார்த்துட்டு நிக்கும், ஆறு தன்பாட்டுக்குப் போகும். வெள்ளம் வந்தாத்தான் அதைத் திருப்பணும்.

அந்தத் தொட்டியைத் திருப்புறவ பேரு மயிலாத்தா. அவ புருஷன் பாத்த வேலை அது. அவன் போனப்புறம் இவ பாத்தா. தொட்டியில ஒரு நீளமான மரத்தண்டு மாட்டியிருக்கும். அதை நெஞ்சால முட்டித் தள்ளுவா. கிர்ர்ர்... கிர்ர்ர்...

எந்தப் பக்கம் திருப்பணும்னு அவளுக்கு எப்படித் தெரியும்? கீழ நிக்கிறவளுக்கு எந்த ஏரி ரொம்பியிருக்கு, எது காலின்னு தெரியுமா? தெரியாது. மலை மேல காவல் இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அவங்க பார்த்துட்டு முரசு அடிப்பாங்க. பெரிய முரசுல ஒரு அடின்னா பத்து. சின்ன முரசுல ஒரு அடின்னா ஒண்ணு. அதை எண்ணி, அந்தக் கோட்டுக்கு இவ திருப்பணும். அவ்வளவுதான் வேலை.

அப்போ அந்த வருஷம் பழைய காவக்காரங்க ஊரை விட்டுப் போயிட்டாங்க. மலையடிவாரத்துல கொடிக்கால் வச்சு வெத்தலை பயிர் பண்றவங்க அந்தக் காவலுக்கு வந்தாங்க. நாச்சிமுத்துன்னு ஒருத்தர், அவருதான் முரசு. நல்ல மனுஷன், அதிர்ந்து பேச மாட்டாரு. "ஒரு சுத்துல எந்தப் பங்கோ, அதை அடிங்க"ன்னு சொல்லிட்டுப் பழைய ஆளுங்க போயிட்டாங்க. அவரும் சரின்னு தலையாட்டிட்டாரு. கேட்டியா, இங்கதான் சனி புடிச்சுது.

முதல் மழை. டம், டம், டக் டக் டக் டக் டக். ரெண்டு பெருசு, அஞ்சு சின்னது. இருபத்தஞ்சு. மயிலாத்தா இருபத்தஞ்சாவது கோட்டுக்குத் தள்ளிட்டுப் போயி நிறுத்தினா. அந்தப் பக்கம் கருங்குளம், ஏற்கெனவே தளும்பிட்டு நின்னுச்சு. தண்ணி போய் விழுந்ததும் கரை பொத்துக்கிச்சு. கதிர் வாங்கின நெல்லு மொத்தமும் சேத்துல படுத்துருச்சு. ஜனங்க மலையைப் பாத்துத் திட்டினாங்க. "புதுசா வந்தவன், வேணும்னே பண்றான்"னாங்க. மயிலாத்தாவுக்கோ, நாமதான் தப்பா எண்ணிட்டமோன்னு ஒரு பயம்.

அப்புறம் ரெண்டாவது மழை. அன்னிக்கு அவ காதைத் தீட்டிக்கிட்டு நின்னா.

டம்.

ஒரே ஒரு அடி. இன்னொரு அடி வருமான்னு நின்னு பாத்தா. வரல. பத்து. இதுல எண்ணறதுக்கு என்ன இருக்கு? ஆனா பத்தாவது கோட்டுல கீழூர் இருக்கு. அவ கூடப்பொறந்த தங்கச்சி பூவாத்தா வாக்கப்பட்ட ஊரு. மயிலாத்தா கை ஒரு நிமிஷம் நின்னுச்சு. அப்போ மலைத்தண்ணி கொடகொடன்னு வந்து தொட்டியில மோதிருச்சு. மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சு, பத்தாவது கோட்டுக்குத் திருப்பிட்டா.

பூவாத்தாவுக்கு ஒரே பொண்ணு. தேவானைன்னு பேரு, உன் வயசுதான். தண்ணி வருதுன்னு எல்லாரும் மேட்டுக்கு ஓடறப்ப, அந்தப் புள்ள கட்டுத்தறியில கட்டியிருந்த கன்னுக்குட்டியை அவுத்து விடப் போயிருச்சு. கன்னுக்குட்டி வந்துருச்சு. புள்ள வரல.

"ம்."

ம்... ஆமா. வரல, தங்கம்.

மயிலாத்தா எழவுக்குப் போனா. பூவாத்தா அவளை ஏறெடுத்துப் பாக்கல. "நீதான திருப்புனே"ன்னு மட்டும் கேட்டா. அதுக்கப்புறம் அக்காகூடப் பேசறதையே விட்டுட்டா. வீடு போனவங்க எல்லாம் தாழம்பள்ளம்கிற எடத்துல போய்க் குடிசை போட்டாங்க. பெரிய பள்ளம், சொட்டுத் தண்ணி இல்லாமக் காஞ்சு கெடந்துச்சு. பூவாத்தாவும் அங்கதான் போனா.

அப்போ ஊர் ஆம்பளைங்க தடியைத் தூக்கிட்டாங்க. மலைக்குப் போயி முரசையும் ஒடைக்கிறது, அடிச்சவனையும் ஒடைக்கிறதுன்னு கெளம்பிட்டாங்க. மயிலாத்தா வழியை மறிச்சா. "நான் போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க"ன்னு சொல்லிட்டு, தனியா மலை ஏறினா.

நாச்சிமுத்து பாறை மேல உக்காந்து வெத்தலை அடுக்கிட்டு இருந்தாரு.

"ஏனுங்கண்ணா, அன்னிக்கு எத்தனை அடிச்சீங்க?"ன்னு கேட்டா.

"பத்துங்க அம்மிணி. அதுக்கு மொத மழைக்குக் கால் கவுளி."

"கால் கவுளியா?"

"இருபத்தஞ்சுங்க. ஒரு சுத்துங்கிறது ஒரு கவுளி. அதுல கால் பங்கு இருபத்தஞ்சுதான?"

வெத்தலைக்காரங்களுக்கு நூறு வெத்தலை சேந்தா ஒரு கவுளி, தெரியுமில்ல? அவங்களுக்கு முழுசுன்னா நூறுதான். பொறந்ததுலேருந்து அந்தக் கைக்கு அதுதான் பழக்கம். வட்டத்தைப் போயி வேற எவனாவது முன்னூத்தி அறுபதா வெட்டி வச்சிருப்பான்னு அந்த மனுஷனுக்குக் கனவுலகூடத் தோணல. கருங்குளம் மழையில தானாப் பொத்துக்கிச்சுன்னுதான் அவர் நெனச்சுட்டு இருந்தாரு.

"வட்டமா அடுக்குங்கண்ணா"ன்னா. அவர் ஒரு கவுளி வெத்தலையையும் பாறை மேல வட்டமா அடுக்கினாரு. காம்பெல்லாம் உள்ள பாத்து, நுனியெல்லாம் வெளிய பாத்து.

"பாதிச் சுத்து எங்க வருது?"

"அம்பதுங்க."

"எனக்கு நூத்தி எம்பது. கால் சுத்து?"

"இருபத்தஞ்சு."

"எனக்குத் தொண்ணூறு"ன்னா மயிலாத்தா. தொண்ணூறாவது கோட்டுல இருக்கிறது வறட்டேரி. அன்னிக்கு ஈரம்கூட இல்லாமக் கெடந்த ஏரி. அங்கதான் போயிருக்கணும் மொத மழை. கேக்க வேண்டியது இன்னும் ஒண்ணு இருந்துச்சு. அவளால கேக்க முடியல. மனசுக்குள்ளயே பாத்தா. நூறுக்கு முன்னூத்தி அறுபது. அப்போ பத்துக்கு முப்பத்தாறு. முப்பத்தாறாவது கோட்டுல தாழம்பள்ளம். அன்னிக்கு அங்க ஒரு ஈ காக்கா கெடையாது.

நாச்சிமுத்துவுக்கும் புரிஞ்சுருச்சு. அடுக்கின வெத்தலையை அப்படியே விட்டுட்டு, ரெண்டு கையாலயும் தலையில அடிச்சுக்கிட்டாரு. "நான் அடிச்ச அடியாங்க அம்மிணி அந்தக் கொழந்தையை..."

"நீங்க சரியாத்தான் அடிச்சீங்க. நானும் சரியாத்தான் திருப்புனேன்"ன்னா மயிலாத்தா. அப்படிச் சொன்னதுல ரெண்டு பேருக்கும் ஒரு ஆறுதலும் இல்ல.

"இனிமே உங்க கோட்டுக் கணக்குலயே அடிக்கிறேனுங்க"ன்னாரு.

அவ யோசிச்சா. "வேண்டாங்கண்ணா. கையில ஊறின கணக்கைக் கொட்டுற மழையில மாத்துனா இன்னொரு தப்பு வரும். நீங்க கவுளிக் கணக்குலயே அடிங்க. மாத்துறதை நான் மாத்திக்கிறேன்."

எறங்கி வர்ற வழியெல்லாம் வாய்க்குள்ளயே சொல்லிட்டு வந்தா. பத்து வெத்தலைக்கு முப்பத்தாறு பாகை. அஞ்சு வெத்தலைக்குப் பதினெட்டு. ஒத்தை வெத்தலைன்னா மூணு கோடு தாண்டி, நாலாவதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. பத்து முப்பத்தாறு, அஞ்சு பதினெட்டு. பத்து முப்பத்தாறு, அஞ்சு பதினெட்டு. ஊருக்கு வந்து ஆம்பளைங்ககிட்ட வெவரம் சொன்னா. பாதிப் பேரு நம்பினாங்க, பாதிப் பேரு தடியைக் கீழ வைக்கல. முழிச்சிருக்கியா?

"ம்."

அப்புறம் மூணாவது மழை வந்துச்சு. அதுதான் பெரிய மழை. ஆறு செவப்பாத் தெரண்டு, மரத்தையெல்லாம் பொரட்டிட்டு வருது. ஊரே தொட்டிகிட்ட வந்து நிக்குது. பூவாத்தாவும் ஓரமா நிக்கிறா, முக்காடு போட்டுக்கிட்டு. எல்லார் காதும் மலையிலதான் இருக்கு.

டம். டம். டம். டக் டக் டக் டக் டக்.

"முப்பத்தஞ்சு!"ன்னு ஒருத்தன் கத்தினான். "முப்பத்தஞ்சுன்னா தாழம்பள்ளத்து ஓரமில்ல? அங்கதான நம்ம குடிசையெல்லாம் இருக்கு! கெழவிங்க, கொழந்தைங்க எல்லாம் அங்கதான இருக்குது! மிச்சம் இருக்கிறவங்களையும் கொல்லப் பாக்கறான்!" தடியெல்லாம் மேல எந்திரிச்சுது.

மயிலாத்தா கண்ணை மூடிக்கிட்டா. மூணு பத்து. மூணு முப்பத்தாறு, நூத்தி எட்டு. ஒரு அஞ்சு, பதினெட்டு. நூத்தி எட்டும் பதினெட்டும் நூத்தி இருபத்தாறு. கண்ணைத் தொறந்து நூத்தி இருபத்தாறாவது கோடு எங்கன்னு பாத்தா. பாத்ததும் அவளுக்கே சந்தேகம் வந்துருச்சு. திரும்பவும் போட்டா. பத்து முப்பத்தாறு, அஞ்சு பதினெட்டு. அதே கோடுதான்.

"முப்பத்தஞ்சு இல்ல. நூத்தி இருபத்தாறு"ன்னா.

"அங்க என்ன இருக்கு?"

"கொடிக்கால்"னா மயிலாத்தா. "நாச்சிமுத்தண்ணன் கொடிக்கால்."

மழைதான் சடசடன்னு கொட்டுது. இந்தப் பேய்மழைக்கு வறட்டேரி வரைக்கும் எல்லா ஏரியும் ரொம்பிருச்சு, தாழம்பள்ளத்துல ஜனம் இருக்கு. மிச்சமிருந்த பள்ளமான எடம் அந்த மனுஷனோட பொழப்பு ஒண்ணுதான். அதைப் பாத்துட்டுத்தான் அவர் அடிச்சிருக்காரு, ஒரு அடி கூடாம, ஒரு அடி கொறையாம.

மயிலாத்தா தண்டுல நெஞ்சைக் குடுத்துத் தள்ளினா. அசையல. வெள்ளம் எதிர்ப்பக்கமா அழுத்துது. கால் வழுக்குது. இன்னொரு தடவை தள்ளினா, கை தோல் உரிஞ்சுது. தொட்டி நவுரல. மூணாவது தடவை தள்ளறப்ப, பக்கத்துல இன்னொரு தோள் வந்து ஒட்டுச்சு. யாருன்னு அவ திரும்பிப் பாக்கல, மூச்சை வச்சே தெரிஞ்சுது. பூவாத்தா. கிர்ர்ர்... கிர்ர்ர்... பத்து போச்சு. முப்பத்தாறு போச்சு. தொண்ணூறு போச்சு. கிர்ர்ர்... நூத்தி இருபத்தாறு. நின்னுச்சு.

தண்ணி திரும்பிப் போச்சு. மலையடிவாரத்துல பச்சையா இருந்த எடம் கொஞ்சம் கொஞ்சமாச் செவப்பாச்சு. தடி வச்சிருந்தவங்க அதையெல்லாம் போட்டுட்டு, ஒரு கொடியாவது காப்பாத்த முடியுமான்னு அந்தப் பக்கம் ஓடினாங்க. தொட்டிகிட்ட அக்காவும் தங்கச்சியும் மட்டும்தான் நின்னாங்க.

"அக்கா"ன்னா பூவாத்தா. எழவு வீட்டுக்கப்புறம் அவ பேசின மொத வார்த்தை அது. "அன்னிக்கு அந்த ஒத்தை அடிக்கு, நீ முப்பத்தாறுல நிறுத்தியிருந்தா, எம்பொண்ணு இருந்திருப்பாளா?"

மயிலாத்தாவுக்குப் பொய் நாக்கு வரைக்கும் வந்துச்சு. யாருக்கு நஷ்டம், ஒரு பொய் சொன்னா? ஆனா அவ சொல்லல.

"இருந்திருப்பா, பூவு."

பூவாத்தா அப்படியே ஈரக் கல்லுல உக்காந்து அழுதா. மயிலாத்தா பக்கத்துல உக்காந்தா, தொடல, தேத்தவும் இல்ல. தங்கச்சி ரொம்ப நேரம் அழுதா. மழை கூட விட்டுருச்சு. அப்புறம் பூவாத்தா அக்காவோட கையைப் புடிச்சு இழுத்து, ரத்தத்தை முந்தானையால தொடைச்சு விட்டா.

"எந்திரிக்கா. குடிசைக்கு வா. கொஞ்சம் கஞ்சி குடி"ன்னா.

அவ்வளவுதான் தங்கம். வெள்ளம் வடிஞ்சுருச்சு, கதையும் வடிஞ்சுருச்சு. போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு கண்ணை மூடு.